மின்கட்டணச் சுமை: தப்பிக்கும் பெரிய ஆலைகள், தவிக்கும் சிறு தொழில்கள்

புதுடெல்லி: 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கம். பஞ்சாபில் நெல் நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பருவமழை தாமதமானது, தல்வண்டி சாபோ அனல் மின்நிலையத்திலோ பழுது. விவசாய மோட்டார்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் மின்சாரம் வழங்குவதாக அளித்த உறுதியைக் காப்பாற்ற, மாநில மின்கழகம் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய மின்விடுமுறை அறிவித்தது. இரும்பு நகரம் என்று அறியப்படும் மண்டி கோபிந்த்கரில் உலைகள் அணைக்கப்பட்டன.

பஞ்சாபில் விவசாயத்துக்கு 1997 முதல் மின்சாரம் இலவசம். அந்தச் செலவின் ஒரு பகுதியைத் தங்கள் கட்டணத்தின் வழியே சுமப்பவை தொழிற்சாலைகள். பற்றாக்குறை வந்தபோது கட்டணம் செலுத்தாதவருக்கு மின்சாரம் சென்றது. கூடுதலாகச் செலுத்துபவருக்கு நின்றது. நடவு வயல் காய்ந்தால் ஓராண்டு வருமானமே போய்விடும் என்பதால் அரசின் அந்த முடிவைக் குறை கூறுவது எளிதல்ல. ஆயினும் இந்தியாவில் மின்சாரத்தின் விலை எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது, அது எந்தத் துறையின் உற்பத்தியை உயர்த்துகிறது, எதைச் சுருக்குகிறது என்பதை அந்த இரண்டு வாரங்கள் வெளிச்சமிட்டுக் காட்டின.

இப்போது அந்தக் கட்டண அமைப்பையே மாற்றும் முயற்சியில் மத்திய அரசு இறங்கியுள்ளது. 2025 அக்டோபரில் வெளியிடப்பட்ட மின்சாரத் திருத்த மசோதா வரைவு, உற்பத்தித் தொழில்கள், ரயில்வே, மெட்ரோ ரயில் ஆகியவற்றின் மீதான குறுக்கு மானியச் சுமையை 5 ஆண்டுகளுக்குள் முற்றிலும் நீக்க வேண்டும் என்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்து கொண்டுசேர்க்க ஆகும் சராசரிச் செலவைவிட ஒரு பிரிவினரிடம் அதிகமாகவும் மற்றொரு பிரிவினரிடம் குறைவாகவும் வசூலித்து ஈடுகட்டுவதே குறுக்கு மானியம்.

இந்த யோசனை புதிதல்ல. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, குறுக்கு மானியத்தைக் குறைத்து ஒழிக்க வேண்டும் என்றே இருந்தது. 2007-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 'ஒழிக்க' என்பது நீக்கப்பட்டது. 'குறைக்க' என்பது மட்டும் மிஞ்சியது. சராசரிச் செலவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் எந்தக் கட்டணமும் விலகக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் கட்டணக் கொள்கை கூறியது. அதற்கு விதித்த கெடு 2010-11 நிதியாண்டு. பல மாநிலங்கள் அந்த எல்லைக்குள் இன்னும் வரவில்லை.

ஒரு ரூபாய் உயர்ந்தால்

மின்கட்டணம் யூனிட்டுக்கு 1 ரூபாய் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு ரூபாய் எல்லாத் துறைகளிலும் ஒரே அளவில் வலிப்பதில்லை.

ஒரு டன் அலுமினியம் உருக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் தேவை. ஆக, ஒரு ரூபாய் உயர்வு டன்னுக்கு 14,000 ரூபாய். லண்டன் உலோகச் சந்தையில் டன் 2,500 டாலர் அளவில், அதாவது 2 லட்சம் ரூபாயைச் சற்றே தாண்டி விற்கும்போது, பொதுக் கட்டமைப்பிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்கு மின்சாரம் வாங்கும் ஆலைக்கு விற்பனை விலையில் பாதி மின்கட்டணத்துக்கே போய்விடும். அப்படி ஓர் ஆலை நடத்துவது இயலாத காரியம். விலையை உயர்த்தவும் வழியில்லை. அலுமினியத்தின் விலையை லண்டன் தீர்மானிக்கிறது.

பழைய இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் உலைக்கு டன்னுக்கு 600 முதல் 700 யூனிட் போதும். எஃகின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு ரூபாய் உயர்வு சிறு தொகைதான். ஆனால் உலை நடத்துபவரின் கணக்கு வேறு. பழைய இரும்பின் விலை அவர் கையில் இல்லை. கம்பியின் விலையும் இல்லை. இரண்டுக்கும் இடையிலான மெல்லிய இடைவெளியில்தான் அவருடைய பிழைப்பு. அந்த இடைவெளியில் மிகப் பெரிய செலவு மின்சாரம். நாட்டின் கச்சா எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இத்தகைய உலைகளிலிருந்து வருகிறது என்பதால், இதை ஓரத்தில் நிற்கும் சிறு தொழில் என்று ஒதுக்கிவிட முடியாது.

நூற்பாலைக்கும் இதே நிலைதான். பஞ்சுக்கு அடுத்தபடியாக ஆலையின் பெரிய செலவு மின்சாரம். ஒரு கிலோ நூலுக்கு 4 யூனிட் என்று கொண்டால், ஒரு ரூபாய் உயர்வு கிலோவுக்கு 4 ரூபாய். நூல் சந்தை மந்தமாக இருக்கும் மாதங்களில் கிலோவுக்கு 4 ரூபாய் லாபம் கிடைத்தாலே ஆலை முதலாளிகள் நிம்மதி அடைவார்கள். மறுபுறம், பெங்களூருவில் உள்ள மென்பொருள் நிறுவனத்துக்கு இந்த ஒரு ரூபாய் செலவுக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. அங்கு ஊதியமும் வாடகையும்தான் பெருஞ்செலவு.

வெளியேறும் வழி யாருக்கு?

இத்தனை மின்சாரம் குடிக்கும் அலுமினியத் தொழில் இந்தியாவில் எப்படி வளர்ந்தது? பொதுக் கட்டணத்தைச் செலுத்தாமலேயே வளர்ந்தது என்பதுதான் விடை. ஒடிசாவின் அங்குலில் நால்கோ உருக்காலைக்கு 1,200 மெகாவாட் சொந்த அனல் மின்நிலையம் உள்ளது. ஜார்சுகுடா, கோர்பா, ரேணுகூட் என உருக்காலைகள் அமைந்த இடங்களை வரைபடத்தில் குறித்தால், அவை நிலக்கரி வயல்களை ஒட்டியே இருப்பது தெரியும். ஒரு மெகாவாட்டும் அதற்கு மேலும் மின்தேவை கொண்ட தொழிற்சாலைகள் நாடு முழுவதும் நிறுவியுள்ள சொந்தப் பயன்பாட்டு மின்நிலையங்களின் திறன் 75,000 மெகாவாட்டுக்கும் மேல். சிமென்ட் ஆலைகளும் உலையின் கழிவு வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து இதே பாதையில் செல்கின்றன.

இந்தப் பாதையிலும் இடர்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பொது மின்நிலையங்களுக்கே முன்னுரிமை என்று அரசு முடிவெடுத்தது. அலுமினிய ஆலைகளின் சொந்த மின்நிலையங்களுக்கான வரத்து சுருங்கியது. தமிழகத்தின் மேட்டூரில் 1960-களில் உற்பத்தியைத் தொடங்கிய அலுமினிய உருக்காலையின் கதை இன்னும் சுவையானது. 2008-இல் உலோக விலை சரிந்தபோது உருக்காலை நின்றது. அதற்கென அமைத்த மின்நிலையம் மட்டும் நிற்கவில்லை. அதன் பின்னரும் பல ஆண்டுகள் மின்சாரத்தை வெளியில் விற்றுக்கொண்டிருந்தது.

நிலக்கரி வயல் அருகில் இல்லாத தொழில்கள் மலிவான மின்சாரத்தைத் தேடி இடம்பெயர்கின்றன. எஃகில் கலக்கும் ஃபெரோ உலோகக் கலவைகளைத் தயாரிக்கும் ஆலைகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மேகாலயாவின் பைர்னிஹாட்டில் இத்தகைய ஆலைகள் குவிந்ததற்கு அங்கு ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்த நீர்மின்சாரம் முக்கியக் காரணம். அந்தச் சிற்றூர் இன்று காற்று மாசுக்காக உலகப் பட்டியல்களில் இடம்பெறுகிறது. பூடானின் பசாகா தொழிற்பேட்டையில் தயாராகும் ஃபெரோ சிலிக்கான் பெருமளவில் இந்தியாவுக்கு வருகிறது. ஒரு டன்னுக்கு 8,500 யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் கொள்ளும் பொருள் அது. பூடான் கம்பி வழியாக ஒரு பங்கும் உலோகமாக மற்றொரு பங்கும் மின்சாரத்தை நமக்கு விற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

எதிர்த்திசையில் ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டம். தொழில், வணிக நுகர்வோருக்கான மின்சார வரியை யூனிட்டுக்கு 6 காசிலிருந்து 1 ரூபாயாக அம்மாநில அரசு 2022-இல் உயர்த்தியது. முதலில் பார்த்த 'ஒரு ரூபாய்' இங்கே ஏறத்தாழ அப்படியே நிகழ்ந்தது. டன்னுக்கு 4,000 யூனிட் அளவில் செலவிடும் ஆலைகளால் மேற்கு வங்கத்தின் துர்காபூரில் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் பெறும் ஆலைகளோடு போட்டியிட முடியவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அளவு குறைந்தால் சுமை கூடும்

சொந்த மின்நிலையம் அமைக்கவோ இடம்பெயரவோ முடியாதவர்கள்தான் மின்பகிர்மான நிறுவனங்களின் நிரந்தர வாடிக்கையாளர்கள்: லூதியானாவின் சைக்கிள் பாகப் பட்டறை, ராஜ்கோட்டின் வார்ப்படச் சாலை, கோவையின் மோட்டார் பம்பு உற்பத்திக்கூடம், பானிபட்டின் கம்பளித் தறி. வெளிச்சந்தையிலிருந்து நேரடியாக மின்சாரம் வாங்கும் திறந்த அணுகல் முறைக்கு 1 மெகாவாட் தேவை இருக்க வேண்டும் என்பது நீண்டகால விதி. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மட்டும் 2022-இல் அது 100 கிலோவாட்டாகக் குறைக்கப்பட்டது. 40 கிலோவாட் இணைப்பில் இயங்கும் பட்டறைக்கு அந்தப் படியும் எட்டாத உயரம்தான்.

பெரிய நுகர்வோர் ஒருவர் வெளியேறும்போதெல்லாம், அவர் சுமந்துவந்த குறுக்கு மானியம் மிச்சமிருப்போரின் தலையில் ஏறுகிறது. கட்டணம் உயர்கிறது. அது அடுத்தவர் வெளியேறக் காரணமாகிறது. இந்தச் சுழற்சியைத் தடுக்கவே வெளியேறுவோர் மீது கூடுதல் கட்டணம் விதிக்கப்படுகிறது. ஆனால் சொந்தப் பயன்பாட்டு நிலையங்களுக்கு அதிலிருந்து சட்டப்படி விலக்கு உண்டு. மின்நிலையத்தில் 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தைப் பயன்படுத்தினால் போதும். காற்றாலைகளிலும் சூரிய மின் பூங்காக்களிலும் பல தொழிற்சாலைகள் கூட்டாகப் பங்கு வாங்குவதன் பின்னணி இதுதான். பசுமை ஆர்வம் மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டியதில்லை.

பொது விவாதங்களில் யூனிட் விலையே பேசப்படுகிறது. தொழில்முனைவோரைக் கேட்டால், நிலைக்கட்டணமே தூக்கத்தைக் கெடுப்பதாகச் சொல்வார்கள். தமிழகத்தில் 2022 செப்டம்பரில் உயரழுத்தத் தொழில் இணைப்புகளுக்கான யூனிட் விலை 6 ரூபாய் 35 காசிலிருந்து 6 ரூபாய் 75 காசாக மட்டுமே உயர்ந்தது. கேட்புக் கட்டணமோ கிலோவோல்ட் ஆம்பியருக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாகத் தாவியது. ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்கு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், இதைச் செலுத்தியாக வேண்டும்.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 500 கிலோவோல்ட் ஆம்பியர் ஒப்பந்தம் கொண்ட ஓர் ஆலை, 2022 கட்டணப்படி, மாதம் 2,47,500 ரூபாய் நிலையாகச் செலுத்த வேண்டும். 2 லட்சம் யூனிட் பயன்படுத்தும் மாதத்தில் அது யூனிட்டுக்கு 1 ரூபாய் 24 காசு. ஆர்டர் பாதியாகக் குறைந்து 1 லட்சம் யூனிட் மட்டும் பயன்படுத்தினால் அதுவே 2 ரூபாய் 48 காசு. அதாவது, வியாபாரம் நொடிக்கும்போதுதான் மின்சாரம் அதிக விலையாகிறது. நிலைக்கட்டணத்தைக் குறைக்கக் கோரி தமிழகத்தின் சிறு, குறு தொழில் அமைப்புகள் 2023 செப்டம்பர் 25 அன்று கதவடைப்பு நடத்தியது இதனால்தான். 2025 ஆகஸ்டு இறுதியில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்து ஆயத்த ஆடை ஆர்டர்கள் தடுமாறியபோதும், ஒப்பந்த மின்அளவுக்கான கட்டணம் மாதந்தோறும் வரவே செய்தது.

பகிர்மான நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. மின்நிலையங்களோடு செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தப்படி, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவை நிலைச்செலவைச் செலுத்த வேண்டியுள்ளது. அந்தச் செலவை யூனிட் விலையில் மறைத்து வசூலித்துவந்த பழக்கம்தான் மெல்ல மாறுகிறது. ஆனால் அந்த மாற்றம் மந்த காலத்தின் இடரை முழுவதுமாக, அதைத் தாங்கும் வலு குறைந்தவரிடம் தள்ளிவிடுகிறது.

வயலில் எதிர்மறைக் கணக்கு

விலை உயர்ந்தால் உற்பத்தி சுருங்கும் என்பது ஆலைக் கணக்கு. விலை பூஜ்ஜியமானால் என்ன நேரும் என்பதைப் பஞ்சாபின் வயல்கள் காட்டுகின்றன. அங்குள்ள சுமார் 14 லட்சம் மின்மோட்டார்களுக்கு இலவச மின்சாரம், விளையும் நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையில் உறுதியான கொள்முதல் என இரண்டும் சேர்ந்தபோது, மழை குறைந்த அம்மாநிலம் நாட்டின் அரிசிக் களஞ்சியமாயிற்று. நிலத்தடி நீரோ ஆண்டுதோறும் ஊறுவதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் உறிஞ்சப்படுகிறது. நீர்மட்டம் கீழே போகப்போக அதிகத் திறன் கொண்ட மோட்டார் தேவைப்படுகிறது. அதே அளவு நீருக்கு அதிக மின்சாரம் செலவாகிறது. மானியத் தொகை வீங்குகிறது.

இதை வைத்து விவசாயிக்குக் கட்டணம் விதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு வருவது அவசரம். பீகாரின் கங்கைச் சமவெளியில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. இறைக்கும் செலவுதான் சிக்கல். நெடுங்காலமாக டீசல் என்ஜினை வாடகைக்கு எடுத்து மணிக்கணக்கில் பணம் கொடுத்துப் பாய்ச்சிய சிறு விவசாயிகள், செலவுக்கு அஞ்சி ஒரு நீர்ப்பாய்ச்சலைக் குறைத்தார்கள், விளைச்சலும் குறைந்தது. அம்மாநிலம் விவசாய மின்சாரத்தை யூனிட் 55 காசுக்கு வழங்குகிறது. அங்கு மலிவு மின்சாரம் விளைச்சலைக் கூட்டும் கருவி. பஞ்சாபில் அதுவே நீர்மட்டத்தைத் தோண்டும் கருவி.

விலையா, தடையற்ற வழங்கலா?

இந்தியத் தொழிற்சாலைகளை வைத்து நடத்தப்பட்ட இரண்டு ஆய்வுகளை இங்கே சேர்த்துப் பார்ப்பது பயன்தரும். பொருளாதார அறிஞர் அமா அபெபரேசே, நிலக்கரி விலையால் ஏற்படும் கட்டண உயர்வைப் பின்தொடர்ந்தார். கட்டணம் உயர்ந்தபோது நிறுவனங்கள் மின்சாரத்தைக் குறைத்ததோடு நிற்கவில்லை. மின்சாரம் குறைவாகத் தேவைப்படும் பொருட்களுக்கு மாறின, இயந்திரப் பயன்பாட்டைக் குறைத்தன, அவற்றின் உற்பத்தி வளர்ச்சியும் தேய்ந்தது என்று அவர் கண்டறிந்தார். சேதம் மாத இறுதிப் பட்டியலோடு முடிவதில்லை என்பது இதன் சாரம். எந்த இயந்திரத்தை வாங்குவது, எந்தத் தொழிலில் இறங்குவது என்ற முடிவுகளையே அது வளைக்கிறது.

ஹன்ட் ஆல்காட்டும் அவருடைய இரு சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு மின்தடையைப் பற்றியது. மின்பற்றாக்குறையால் சராசரி ஆலையின் வருவாய் 5 முதல் 10 சதவீதம் குறைந்ததாகவும், ஜெனரேட்டர் வைக்கும் வசதியில்லாத சிறிய ஆலைகளே அதிகம் அடிபட்டதாகவும் அது கூறியது. பற்றாக்குறை இன்று பெருமளவு குறைந்துவிட்டது. ஆகவே முன்பு மின்தடையாக வந்த இழப்பு இப்போது கட்டணப் பட்டியலாக வருகிறது என்று சொல்லலாம். இரண்டிலும் முதலில் சாய்வது சிறிய ஆலைதான்.

நேரமும் இப்போது விலையில் சேர்ந்துள்ளது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தொழில், வணிக இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் முதல் நேரவாரிக் கட்டணத்தை மத்திய அரசின் விதி கட்டாயமாக்கியது. சூரிய ஒளி நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைவு. உச்சப் பயன்பாட்டு நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் அதிகம். இரவுச் சலுகையை நம்பி நள்ளிரவில் உலை மூட்டிய ஆலைகள், பகலுக்கு மாறலாமா என்று கணக்குப் போடுகின்றன. மூன்று ஷிப்ட்டும் ஓடியாக வேண்டிய நூற்பாலைக்கு அத்தகைய தெரிவு இல்லை.

சேவைத் துறையில், மென்பொருள் நிறுவனங்களைப் போலன்றி, தரவு மையங்கள் இதில் சிக்குகின்றன. அவற்றின் நடைமுறைச் செலவில் முதலிடம் மின்சாரத்துக்கே. விசாகப்பட்டினத்தில் 5 ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீடு செய்வதாக கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. இத்தகைய முதலீடுகளுக்காக மாநிலங்கள் மின்சலுகைகளோடு போட்டியிடுகின்றன. அதே தெருவில் உள்ள மளிகைக்கடையும் உணவகமும் வணிகக் கட்டணத்தை முழுமையாகச் செலுத்தும்.

வரி அமைப்பு தனிச் சிக்கல். மின்சாரம் ஜிஎஸ்டி வளையத்துக்கு வெளியே உள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் நிலக்கரி மீதான டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு வரி நீங்கி, ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. அந்த வரியை மின்நிலையம் செலுத்துகிறது. ஆனால் மின்சாரம் வாங்கும் ஆலையால் உள்ளீட்டு வரி வரவாக அதைத் திரும்பப் பெற முடியாது. அதற்கு மேல் மாநிலத்தின் மின்சார வரி. ஏற்றுமதியாளருக்கு மட்டும் இதில் ஒரு பகுதி திருப்பித் தரப்படுகிறது.

மசோதா விட்டுவைத்த கேள்வி

வரைவு மசோதாவின் நோக்கத்தில் பிழை காண்பது கடினம். போட்டி நாடுகளோடு மோதும் ஆலையின் பட்டியலில் மற்றொருவருடைய மானியத்தை ஏற்றுவது உற்பத்தி மீதான மறைமுக வரி. அதை மறைவிலிருந்து எடுத்து மாநில பட்ஜெட்டில் வைப்பதே நேர்மையான வழி. மானியம் தர விரும்பும் மாநிலம் அதை முன்கூட்டியே பகிர்மான நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நடைமுறையில் அந்தப் பணம் தாமதமாக வருகிறது, அல்லது நிலுவையாகிறது.

இதனிடையே வாக்குறுதிகள் எதிர்த்திசையில் போகின்றன. பஞ்சாபில் 2022 ஜூலை முதல் வீடுகளுக்கு மாதம் 300 யூனிட் இலவசம். கர்நாடகத்தில் 2023 முதல் 200 யூனிட், பீகாரில் 2025 ஆகஸ்டு முதல் 125 யூனிட். வசூலிக்காமல் ஒத்திவைத்த கட்டண நிலுவைகளைக் காலவரையறைக்குள் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 6 அன்று தீர்ப்பளித்தது. பழைய பாக்கியும் வசூலாக வேண்டும், ஆலைகளின் சுமையும் இறங்க வேண்டும், வீடுகளுக்கு இலவசமும் தொடர வேண்டும் என்றால், மிஞ்சுவது மாநிலக் கருவூலமும் கடைகள், உணவகங்கள், மருத்துவமனைகள் அடங்கிய வணிகப் பிரிவும்தான். மசோதாவின் சலுகைப் பட்டியலில் வணிகப் பிரிவு இல்லை.

சிறு தொழில்களுக்கு இதில் எவ்வளவு கிடைக்கும் என்பதும் தெளிவாக வேண்டும். குறுக்கு மானிய நீக்கம் யூனிட் விலையில் வருமா, நிலைக்கட்டணத்திலும் வருமா? தாழ்வழுத்த இணைப்பில் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை 'உற்பத்தித் தொழில்' என்ற வரையறைக்குள் அடங்குமா? 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நுகர்வோருக்கு மின்சாரம் வழங்கும் கட்டாயத்திலிருந்து பகிர்மான நிறுவனங்களை விடுவிக்கவும் வரைவு இடமளிக்கிறது. பெரிய நுகர்வோர் வெளியேறும் வாசல் அகலமானால், உள்ளே இருப்போருக்கான சராசரிச் செலவு எந்தத் திசையில் நகரும் என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களே கணக்கிட வேண்டும். மின்சாரம் பொதுப்பட்டியலில் உள்ள துறை; சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தினாலும், லூதியானா பட்டறைக்கும் கோவை வார்ப்படச் சாலைக்கும் ஏப்ரல் 1 அன்று எந்தக் கட்டணம் அமலாகும் என்பதை எழுதப்போவது அந்தந்த மாநில ஆணையம்தான்.